போல்ட்டுக்கு ஜெனரல் ஷிஃப்ட்

இந்த வருஷ வெயில் காலம் எங்களுக்கு ஒரு செத்த பறவையோடு ஆரம்பித்தது.

காலையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஏழுமலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறத்தை நீட்டினான். முறத்தில் ஒரு லவ் பேர்ட்ஸ். பச்சை. ஒரு பக்க இறக்கை இல்லை.

'ஒரு லவ் பேர்ட்ஸ்' என்று எழுதினால் தப்பு என்று இந்தப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவர் சொல்வார். எங்கள் தெருவில் ஒன்று இருந்தாலும் லவ் பேர்ட்ஸ்தான். விட்டுவிடுங்கள் சார்.

"யக்கா, இது யாரு வேலைன்னு நான் வேற சொல்லணுமா?"

வேண்டாம். என் காலடியில் போல்ட்டு உட்கார்ந்திருந்தது. முன்னங்காலை நக்கி நக்கி அதுவும் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

போல்ட்டு எங்கள் பூனை. கடுவன். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ரோலிங் மில்லில், போல்ட்டு நட்டு போட்டு வைக்கிற பெட்டிக்குள் குட்டியாகக் கிடந்தது. தாயைக் காணவில்லை. சாப்பாட்டுத் தூக்கில் வைத்து எடுத்து வந்துவிட்டார். கேட்டில் செக்யூரிட்டி, "தூக்குல இன்னாய்யா?" என்று கேட்டிருக்கிறார். "போல்ட்டு" என்று இவர் சொல்லியிருக்கிறார். பிடித்தோம் திருடனை என்று அவர் மூடியைத் திறந்தால்... மியாவ்.

என் வீட்டுக்காரர் பேசுவதே குறைவு. இந்த ஒரு ஜோக்கை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டிவிட்டார்.

ஏழுமலையும் அதே மில்தான். கிரேன் ஆபரேட்டர். மேலே கூண்டில் உட்கார்ந்து நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்கிறவன். "அந்தச் சத்தத்துல இருந்துட்டு வந்தா, காதுக்கு இந்தச் சத்தம் வேணும் யக்கா" என்று சொல்லித்தான் லவ் பேர்ட்ஸ் வாங்கினான். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொள்வான். அவன் பெண்டாட்டி கலா டீயை அங்கேயே கொண்டுவந்து கொடுப்பாள்.

அதில் ஒன்றைத்தான் போல்ட்டு முடித்துவிட்டது.

"இத பாரு யக்கா. இன்னொரு தடவ பறவ மேல கை வச்சுச்சு... கோணியில கட்டி ஆந்திரா லாரியில ஏத்திடுவேன். நாயுடுபேட்டைல எறங்கித் தெலுங்கு கத்துக்கட்டும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? செத்தது அவன் பறவை. பூனை என்னுடையது. எங்கள் ரோட்டில் ஆந்திரா லாரிக்கும் பஞ்சமில்லை.

போல்ட்டை அனுப்ப எனக்கு மனசில்லை. கலாவோடு முகம் பார்க்காமல் இருக்கவும் முடியாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்.

முதலில் கூண்டைப் பார்த்தோம். சன்ஷேடில் ஆணி அடித்து மாட்டியிருந்தான். அதற்கு நேர் கீழே தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம். ஏணி போட்டுக் கொடுத்த மாதிரி. டிரம் மேல் ஏறி நின்றால் போல்ட்டின் கை கூண்டு வரைக்கும் எட்டும். பூனை கூண்டுக்குள் போகவே வேண்டாம். வெளியே நின்றால் போதும். உள்ளே இருப்பது பயந்துபோய்க் கம்பியில் வந்து ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை நகம் பார்த்துக்கொள்ளும்.

டிரம்மை நகர்த்தினோம். கூண்டை வராந்தாவின் நடுக் கொக்கியில், சுவர் எட்டாத இடத்தில் தொங்கவிட்டோம். கலா பாதுகாப்புக்குக் கொசுவலையைச் சுற்றித் தரை வரைக்கும் தொங்கவிட்டாள். போல்ட்டு அந்தக் கொசுவலையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறியது. நல்லவேளை, கலா பார்த்துவிட்டாள். கொசுவலையும் போச்சு.

இரும்பு வலையாக வாங்கி, கூண்டைச் சுற்றிப் பூனையின் கை எட்டாத தூரத்தில் இன்னொரு கூண்டு மாதிரி கட்டுவது என்று முடிவானது. அதை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். அவருக்கு லீவு கிடைக்கிற நாளில்தான் வேலை நடக்கும். அதுவரைக்கும் என்ன செய்வது?

மீன்காரம்மா சொன்னார்: "வயிறு ரொம்பிச்சுன்னா அது ஏன்மா வேட்டைக்குப் போவப் போவுது?" நியாயமாகப் பட்டது. மீன் தலை, குடல், கேன்டீனில் மிச்சமானது... எல்லாம் வைத்தேன். நான் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். போல்ட்டு நன்றாகச் சாப்பிட்டது. ஏப்பம் விடாத குறை. சாப்பிட்டு முடித்து, நேராகப் போய்ச் சுவர் மேல் உட்கார்ந்து குருவியைப் பார்த்தது.

பசிக்கும் வேட்டைக்கும் சம்பந்தம் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. மனுஷனில் மட்டும் வயிறு நிறைந்தவன் எல்லாம் சும்மா இருக்கிறானா என்ன?

அடுத்தது மணி. பூஜை சாமான் கடையில் ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற சின்ன மணி கிடைத்தது. கயிற்றில் கட்டினால் முள்வேலியில் மாட்டிக்கொண்டு கழுத்து இறுகிவிடும் என்று பயம். எலாஸ்டிக்கில் கட்டினேன். இழுத்தால் கழன்றுவிடும். போல்ட்டு போகிற இடமெல்லாம் கிலுகிலு. பறவைக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். நிம்மதி என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் சத்தம் நின்றுவிட்டது. மணி கழுத்தில் இருந்தது. சத்தம்தான் இல்லை. பிடித்துப் பார்த்தேன். மணிக்குள் காட்டன் வேஸ்ட் அடைத்திருந்தது. மில்லில் மிஷின் துடைக்கிற பஞ்சு. கிரீஸ் வாசனையோடு.

"ஏழுமலை, மணியில பஞ்சு வச்சது யாரு?"

"நாந்தான் யக்கா."

"உன் பறவைக்குத்தானே கட்டுனேன்?"

"தெரியும் யக்கா. ஆனா சி ஷிஃப்ட்டு. காலைல வந்து படுத்தா ஜன்னலாண்ட கிலுகிலுன்னு ஒரே பேஜாரு. நான் தூங்க வேணாமா? தூங்காம மேல ஏறுனா கீழ இருக்கறவன் தலையில இரும்ப எறக்கிருவேன்."

அதுவும் நியாயம்தான். எங்கள் வீட்டு வரிசையில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். குக்கர் விசிலுக்குக்கூட நாங்கள் துணி போட்டு மூடுகிறவர்கள். பூனைக்கு மட்டும் தனிச் சட்டமா? மணியைக் கழற்றிவிட்டேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன். மணி இருந்தபோதும் போல்ட்டு ஒரு தவிட்டுக் குருவிக் குஞ்சைப் பிடித்தது. பதுங்கிப் போகும்போது மணி அசையாமல் போக அது பழகிவிட்டது. அப்படியே அசைந்தாலும்... மணி சத்தம் கேட்டால் பூனை வருகிறது என்று குஞ்சுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நேற்றுக் கூட்டை விட்டு இறங்கினது. இன்னும் பறக்கவே தெரியாது.

தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து கத்தின. ரொம்ப நேரம் கத்தின. அப்புறம் போய்விட்டன. யாரும் முறத்தை நீட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சாம்பல் இறகு. முருங்கை அடியில் பழுப்பு இறகு. ஏழுமலை வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. கூண்டிலிருந்து சிந்துகிற தினையைத் தின்ன அதுகள் வராந்தாவுக்கு இறங்கி வரும். லவ் பேர்ட்ஸ் தின்பதைவிடச் சிந்துவது அதிகம். கலா வாரத்துக்கு ஒருமுறைதான் கூட்டுவாள். போல்ட்டு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் காத்திருக்கும். மேலே கூண்டை அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழேதான் பந்தி விரித்திருந்ததே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. சாயந்திரம். என் வீட்டுக்காரர் ஏழுமலை வீட்டு வராந்தாவில் ஸ்டூல் போட்டு நின்று இரும்பு வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏழுமலை கீழிருந்து கம்பி வெட்டிக் கொடுத்தான். கலா டீ போட்டாள். நான் அப்போது சொன்னேன்.

"ஏழுமலை, கூண்டுக்குக் கீழ தினைய அப்பப்போ கூட்டிடுங்க. குருவி எறங்குது. போல்ட்டு புடிக்குது. நேத்து ஒண்ணு. இன்னிக்கு ஒண்ணு."

"கூண்டுல கை வைக்கல இல்ல?"

"வைக்கல."

"அப்ப வுடு யக்கா. குருவிங்கல்லாம் கான்ட்ராக்ட்டு. ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். யாரு வந்து கேக்கப் போறா?"

கலா சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

என் வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரால் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஏழுமலை அந்த மில்லில் பர்மனென்ட். என் வீட்டுக்காரர் அதே மில்லில் கான்ட்ராக்ட். ஏழுமலைக்கு முன்னாலேயே சேர்ந்தவர். இன்னும் கான்ட்ராக்ட்தான். பர்மனென்ட் ஆளுக்கு ஒரு காயம் என்றால் கேட்டில் யூனியன் கொடி வந்துவிடும். கான்ட்ராக்ட் ஆளுக்குக் காயம் என்றால் முதல் கேள்வி — "இவன் யாரோட ஆளு?" எங்கள் கேன்டீனிலும் பர்மனென்ட் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கான்ட்ராக்ட் உட்காரும். அதே குழம்புதான். கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஏழுமலை கெட்டவன் இல்லை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் அது. ரப்பர் அறுந்த செருப்பைக் கான்ட்ராக்ட் செருப்பு என்பார்கள். கல்யாணத்தில் கடைசிப் பந்தியைக் கான்ட்ராக்ட் பந்தி என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்கிறபோது யார் பக்கத்தில் நிற்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் கடைசிக் கம்பியையும் முறுக்கி முடித்தார். வலையை ஆட்டிப் பார்த்தார். இறங்கினார். எங்கள் வீட்டுக்குள் போய்விட்டு ஒரு கோணியோடு வந்தார். படியில் படுத்திருந்த போல்ட்டைப் பிடரியில் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார். வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"லாரிக்கு யாராண்ட சொல்லணும்?"

ஏழுமலைக்குப் புரியவில்லை. "இன்னாண்ணா?"

"பறவ மேல கை வச்சா லாரின்னு நீதான சொன்ன. குருவியும் பறவதான்."

"ண்ணா... நான் என் பேர்ட்ஸத்தான் சொன்னேன்."

"பறவன்னுதான் சொன்ன."

கோணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டது. உள்ளேயிருந்து போல்ட்டு ஒரு மாதிரி கத்தியது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இதுதான் கோபமா என்றும் தெரியவில்லை. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. டீ இருக்கா என்று கேட்கிற குரல்.

அவர் கேட்டைத் திறந்தார். ஏழுமலை ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"இருண்ணா. இப்புடி நேரா டிஸ்மிஸ் பண்ண முடியாது. மொதல்ல மெமோ குடுக்கணும். அப்பால சார்ஜ் ஷீட்டு. என்கொயரி. அது சைடுல இன்னா சொல்லுதுன்னு கேக்கணும். அதுக்கப்பாலதான் மத்ததெல்லாம். அதான் முறை."

பழக்க தோஷம். அவன் யூனியனில் இருக்கிறவன். யாரை வெளியே அனுப்பினாலும் இதைத்தான் சொல்வான்.

"அதெல்லாம் பர்மனென்ட்டுக்கு" என்றார் என் வீட்டுக்காரர். "கான்ட்ராக்ட்டுக்குக் கேட்டுல நிக்க வச்சி, நாளைலேருந்து வராதன்னுவாங்க. அவ்ளோதான்."

கூண்டில் லவ் பேர்ட்ஸ் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

ஏழுமலை தரையைப் பார்த்தான். தரையில் தினை கிடந்தது. உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்து வந்து கூட்ட ஆரம்பித்தான். அவன் துடைப்பம் பிடித்து நான் பார்த்ததில்லை. கலாவும் பார்த்ததில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. மூலை மூலையாகக் கூட்டி, முறத்தில் அள்ளி, அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

"பூன பர்மனென்ட்டு. நான் சொல்றேன். கோணிய எறக்குண்ணா."

"குருவி?"

ஏழுமலை மீட்டர் பெட்டியைப் பார்த்தான். குருவி ஒன்று வாயில் எதையோ வைத்துக்கொண்டு உள்ளே போக யோசித்தபடி கம்பியில் உட்கார்ந்திருந்தது. உள்ளே குஞ்சு இருந்திருக்க வேண்டும்.

"அதுங்களுந்தான். வுடுண்ணா. தெரியாத்தனமா வாய்ல வந்துடுச்சு."

என் வீட்டுக்காரர் கோணியைக் கீழே வைத்தார். முறுக்கை அவிழ்க்கவில்லை.

"ரெண்டும் பர்மனென்ட்டுன்னா ஒரே ஷிஃப்ட்டுல போடக் கூடாது" என்றார். "சண்டைதான் வரும். மாத்திப் போடணும்."

"இன்னா ஷிஃப்ட்டு?" என்றான் ஏழுமலை.

"குருவி எப்ப எறங்கும்?"

நான் சொன்னேன். விடிஞ்சதும் இறங்கும். வெயில் ஏறினால் மரத்துக்குள் போய்விடும். சாயந்திரம் மறுபடியும் இறங்கும்.

"அப்ப அதுங்களுக்கு ஏ ஷிஃப்ட்டும் சாயந்திரமும். இவனுக்கு ஜெனரல் ஷிஃப்ட்டு."

ஜெனரல் ஷிஃப்ட் என்றால் ஆபீஸ்காரர்கள் நேரம். வெயில் ஏறிய பிறகு வந்து, வெயில் சாய்வதற்குள் போய்விடுவார்கள். மில்லில் எல்லோரும் ஆசைப்படுகிற ஷிஃப்ட். அது போல்ட்டுக்குக் கிடைத்தது. கோணியை அவிழ்த்தோம். அது யாரையும் பார்க்காமல் நேராக வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

இப்போது எங்கள் வீட்டில் நடைமுறை இதுதான். குருவி மரத்துக்குள் போன பிறகு கதவு திறக்கும். வெயில் சாய்கிறதற்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டில் தட்டினால் போல்ட்டு வந்துவிடும். மீன் வாசனை தெரிந்தால் இன்னும் சீக்கிரம். அப்புறம் மறுநாள் வரைக்கும் உள்ளே. யார் எந்த ஷிஃப்டில் வீட்டில் இருக்கிறோமோ அவர்கள் கதவுக்குப் பொறுப்பு. கூட்டை விட்டுக் குஞ்சு இறங்குகிற நாட்களில் போல்ட்டுக்குச் சுத்தமாக லே-ஆஃப். வெளியே போகிற பேச்சே இல்லை.

முதல் வாரம் கஷ்டம்தான். கதவைப் பிறாண்டியது. நாங்கள் தூங்குகிற நேரத்தில் கத்தியது. ஏழுமலை ஜன்னல் வழியாக, "லேபர் ப்ராப்ளமா?" என்று கேட்டான். தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து மணல் கொண்டுவந்து ஒரு பழைய பேசினில் கொட்டி வைத்தேன். மற்றதெல்லாம் அதில் முடிந்தது. கயிற்றில் சோடா மூடியைக் கட்டி சாயந்திரம் கொஞ்ச நேரம் இழுத்தேன். அதைத் துரத்தி, பாய்ந்து, கடித்து... களைத்த பிறகு சாப்பாடு வைத்தால் படுத்துவிடுகிறது. வேட்டை ஆடின திருப்தி போல.

ஜன்னலுக்கு வலை அடித்தோம். இப்போது அது ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து குருவியைப் பார்க்கிறது. வாய் மட்டும் கிடுகிடுவென்று ஆடுகிறது.

போல்ட்டு திருந்திவிட்டதா என்று கேட்காதீர்கள். இல்லை. நாளைக்கே கதவு திறந்து கிடந்தால் நாளைக்கே பிடிக்கும். பூனை பூனையாகத்தான் இருக்கும். கதவு நம் கையில் இருக்கிறது.

வாசகர்களில் பூனை வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால்தான் பூனை தப்பு செய்தது நமக்குத் தெரிகிறது. சண்டைக்கு வர ஆள் இல்லாத உயிர்களும் அதே முற்றத்தில்தான் இறங்குகின்றன. ஒருமுறை துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

மீட்டர் பெட்டிக் குஞ்சுகள் போன வாரம் இறங்கின. சுவர் மேல் ஒன்று, துணி காயப்போடுகிற கொடியில் ஒன்று. ஏழுமலை சி ஷிஃப்ட் முடிந்து வந்தவன், படுக்கப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரரும் அவன் பக்கத்தில் போய் நின்றார். டீ கொடுத்தேன். குடித்தார்கள்.

உள்ளே ஜன்னலில் போல்ட்டு கத்த ஆரம்பித்தது.

"ண்ணா, உள்ள ஸ்ட்ரைக்கு நடக்குது" என்றான் ஏழுமலை. "கோரிக்கை இன்னான்னாவது போய்க் கேளு."

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மேனேஜ்மென்ட் இன்னும் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை.